இருபத்தோர் இடது கைகள்

இந்த வருஷம் பயிற்சிப் பள்ளியை முடித்து, சட்டைப் பையில் நியமன உத்தரவோடு ஊருக்கு ஒருவராகப் பிரிந்து போகப்போகிற தம்பிகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வழக்கமாக இதை எழுதுகிறவர் பென்ஷன் வாங்கியவராக இருப்பார், தலை நரைத்திருக்கும். என்னிடம் இரண்டும் இல்லை. சர்வீஸ் ஏழு வருஷம்தான். ஆனால் அந்த ஏழு வருஷத்துக்குள் நாலு சீர்திருத்தம் என் மேல் ஏறி இறங்கிவிட்டது. அந்தக் கணக்குப்படி நானும் பழைய ஆள்தான்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் மண்வெட்டி பிடித்தவர். "மம்பட்டி தொடாத கை ஒண்ணாவது இந்த வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லி என்னைப் படிக்க வைத்தார். அதனால் எனக்குப் படிப்பு என்றால் ஒரு வெறி. சர்க்கார் சுற்றறிக்கை வந்தால் மற்ற வாத்தியார்கள் பெருமூச்சு விடுவார்கள். நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். உங்களில் யாருக்காவது இந்தக் குணம் இருந்தால், கீழே வருவது அவருக்கு.

எனக்கு வேலை கிடைத்தது மேலூரிலிருந்து வாய்க்கால் கரையோடு ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஊரில். இரண்டு வாத்தியார் பள்ளிக்கூடம். தலைமையாசிரியரை ஊரில் பெரிய வாத்தியார் என்பார்கள், என்னைச் சின்ன வாத்தியார். பெரிய வாத்தியாருக்குச் சர்வீஸ் முப்பது வருஷம். எந்த உத்தரவு வந்தாலும் ஒரு தடவை படிப்பார், இரண்டாகக் கிழிக்காமல் மடிப்பார், அலமாரிக்கு அடியில் ஆட்டம் கொடுக்கும் காலுக்கு முட்டுக் கொடுப்பார்.

மாகாணத்தில் புது மந்திரிசபை வந்த சமயம் அது. பிள்ளைகளுக்கு ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, கைத்தொழில் மூலமாகவே எல்லாப் பாடமும் நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்களுக்கு வாய்த்த தொழில் நூற்பு. டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு முகாமில் என்னை ஆறு வாரம் உட்கார வைத்துத் தக்ளியில் நூற்கக் கற்றுக் கொடுத்தார்கள். தக்ளி என்பது ஒரு கம்பி, அடியில் ஒரு பித்தளை வில்லை, அவ்வளவுதான். விரலால் சுண்டிவிட்டால் சுழலும். மேலே பஞ்சிலிருந்து நூல் இறங்கும். என் நூல் இறங்கவில்லை, விழுந்தது. இருந்தாலும் ஒரு பெட்டி தக்ளியோடும் உலகத்தையே மாற்றுகிற முகத்தோடும் ஊர் திரும்பினேன்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை இருபத்தொரு பிள்ளைகள் என் பொறுப்பு. கணக்கைப் பஞ்சில் நடத்தினேன், பூகோளத்தைப் பருத்தி விளையும் தேசங்களில் நடத்தினேன். அசோகர் காலத்துக்கு வந்ததும் பஞ்சு தீர்ந்துவிட்டது. அசோகர் என்ன வேட்டி கட்டியிருப்பார் என்று ஒரு வாரம் ஓட்டினேன். பையன்கள் தக்ளியைத் தலைகீழாகப் பிடித்துப் பம்பரம் விட்டார்கள். பம்பரத்தைக் குத்துவது போல வில்லையில் ஆக்கர் வைத்து, தோற்றவன் தக்ளியை ஜெயித்தவன் எடுத்துக்கொள்வது என்று ஒரு ஏற்பாடும் நடந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் ஒருவனிடம் ஒன்பது தக்ளி இருந்தது. நூல் ஒரு முழம்கூட இல்லை.

பெற்றவர்கள் வந்தார்கள். சொந்த நிலத்தில் உழுகிற சம்சாரி ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"சின்ன வாத்தியாரே, எம் மகன் வீட்ல பொம்பளையாளு கணக்கா உக்காந்து நூத்துக்கிட்டு இருக்கான். எங்க ஆத்தாளுக்கு இது தெரியும். அவளுக்கு ஆரு சம்பளம் குடுத்தா? ஒமக்குக் குடுக்குறாக. அம்புட்டுத்தானா வித்தியாசம்?"

"இது தேசத்துக்காக" என்றேன்.

"தேசத்துக்குக் கயிறு வேணும்னா நான் திரிச்சுத் தாரேன். பையனுக்கு எழுத்தச் சொல்லிக் குடும்."

அதற்குள் இன்னொரு உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைக்கு ஒரு சிட்டம், அதாவது சுற்றிக் கட்டிய ஒரு கட்டு நூல் காட்ட வேண்டும், வாத்தியார்களும் காட்ட வேண்டும். காட்டாத பள்ளியின் அங்கீகாரம் ரத்தாகும்; பிள்ளைகளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள். பெரிய வாத்தியார் முதல் தடவையாக ஒரு உத்தரவை இரண்டு முறை படித்தார்.

"தம்பி, வாய்க்காலைத் தாண்டி அம்புட்டுத் தூரம் ஆரு புள்ளைய அனுப்புவா? சம்சாரி வீட்டுப் பயலுக நாலு பேரு போவான். மிச்சம் ஆடு மாடு மேய்க்கப் போயிரும். பொம்பளப் புள்ளைக ஒண்ணுகூடத் தங்காது. பள்ளிக்கூடம் போச்சுன்னு வச்சுக்க."

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். தங்காது என்று அவர் சொன்னவர்களில் முதல் பெயர் பேச்சி. நாலாம் வகுப்பு. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். பேச்சிக்குப் பள்ளி விட்டதும் ஆடு மேய்க்கும் வேலை. பெயர்தான் பேச்சி, வாயைத் திறக்க மாட்டாள். அவளிடம் எனக்கு ஒரு குறை, அவள் இடது கையால் எழுதுவாள். நம் பக்கத்தில் சோற்றுக் கை எது, மற்ற வேலைக்கு உள்ள கை எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரஸ்வதியைப் பீச்சாங்கையால் தொடலாமா? சிலேட்டுக் குச்சி இடது கைக்குப் போகும்போதெல்லாம் அடிக்குச்சியால் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி வலது கைக்கு மாற்றினேன். ஒரு மாதம் அவள் சிலேட்டில் கோழி கிண்டியது. பிறகு ஒரு நாள், முத்து முத்தாக எழுத்து! தினமும் அப்படியே வந்தது. பயிற்சி பலித்தது என்று பூரித்துப்போனேன். மேலூரில் நடக்கும் வாத்தியார்கள் கூட்டத்தில் "இடது கைப் பழக்கத்தை நீக்கும் முறை" என்று எழுந்து நின்று பேசியும் விட்டேன். கை தட்டினார்கள்.

நூற்பும் அதே சமயத்தில், அதே போல் திடீரென்று பலித்தது. ஒரு வாரம் யாரிடமும் நூல் இல்லை. அடுத்த வாரம் ஒவ்வொருவராக நூலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். மெல்லிசு, ஒரே சீர், கண்ணில் தெரியாத இழை. ஒன்பது தக்ளிக்காரன்கூடக் கொண்டுவந்தான். இருபத்தொரு சிட்டத்திலும் பெயர்ச் சீட்டுக் கட்டி, என்னுடையதையும் சேர்த்து ஆணியில் வரிசையாக மாட்டினேன். கடைசியில் பெரிய வாத்தியாரும் ஒரு சிட்டத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அவர் தக்ளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"எப்ப சார் நூத்தீங்க?"

"நேரம் கெடைக்கிறப்ப" என்றார்.

தம்பிகளே, சீர்திருத்தம் ஒன்று எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தால் உடனே சந்தேகப்படுங்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், மதுரைக்காரர், கதர்ச் சட்டை. மாலையை வாங்கி நாற்காலிக் கையில் போட்டுவிட்டு, இளநீரைக் குடித்துவிட்டு, பையிலிருந்து சொந்தத் தக்ளியை எடுத்து மேஜை மேல் வைத்தார். பெரிய வாத்தியார் முகம் அப்போதே மாறியது.

முதலில் என் சிட்டத்தை எடுத்தார். தடவிப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னுதுங்கய்யா."

"முடிச்சு முடிச்சா இருக்கு. உண்மையான நூல்." அதை வைத்துவிட்டுப் பிள்ளைகளின் சிட்டங்களில் ஒன்றை எடுத்தார். இழையை இரண்டு விரலில் பிடித்து உருட்டினார். நெற்றி சுருங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. இருபத்தொன்றையும் உருட்டிப் பார்த்துவிட்டு, பெரிய வாத்தியாருடையதையும் உருட்டினார்.

"வலது கையால சுண்டினா முறுக்கு ஒரு பக்கம் ஏறும். இடது கையால சுண்டினா எதிர்ப்பக்கம் ஏறும். சரிதானே?" என்று என்னைப் பார்த்தார்.

முகாமில் இரண்டாம் வாரத்துப் பாடம். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நூலில் மட்டும் பார்க்கவில்லை.

"சரிங்கய்யா."

"இந்தப் பள்ளிக்கூடத்துல உங்க ஒருத்தர் நூல்தான் வலது. மிச்சம் இருபத்திரெண்டும் இடது. இருபத்தொரு பிள்ளைகளும் தலைமையாசிரியரும் பீச்சாங்கையா?"

முப்பது வருஷ சர்வீஸ் அந்த நேரத்தில் முன்னால் வந்து நின்றது.

"ஆமாங்கய்யா" என்றார் பெரிய வாத்தியார், கொஞ்சமும் அசையாமல். "இந்த ஊர்ல அப்பிடித்தான். வாய்க்காத் தண்ணி. தம்பி வெளியூருங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அப்படியா? நல்லது. எல்லாரும் சிலேட்டை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. 'எங்கள் பள்ளியில் நாங்கள் நூல் நூற்கிறோம்.'"

பெரிய வாத்தியார் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி தன் இடது கையைத் தூக்கி ஆட்டினார். கண்ணை உருட்டினார். மீண்டும் ஆட்டினார். பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். இருபத்தொரு குச்சியும் இடது கைக்குப் போயிற்று.

அந்தக் காட்சியை நான் என்ன சொல்ல! சிலேட்டைப் பிடிப்பது எந்தக் கை என்று தெரியாமல் இரண்டு பேர் மடியிலிருந்து நழுவவிட்டார்கள். ஒருவன் எழுத்தை எழுதவில்லை, இழுத்தான். ஒன்பது தக்ளிக்காரன் இடது கையை வலது கையால் பிடித்து, அடம்பிடிக்கும் கன்றைத் தொட்டிக்கு இழுப்பது போல நகர்த்தினான். "எ" என்ற ஒரு எழுத்துக்கு ஒருத்தி முழுச் சிலேட்டையும் செலவழித்தாள். பள்ளிக்கூடம் போய்விடக் கூடாது என்று அந்தப் பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

அப்போதுதான் பேச்சியைப் பார்த்தேன். அவள் பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். அவர் ஆட்டுவது இடது கைதானா என்று மறுபடி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் அடிக்குச்சி இல்லை. குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் வரிசையாகச் சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோழி, கோழி, கோழி. பேச்சியிடம் நின்றார். சிலேட்டில் ஒரு வரி. எழுத்து பெரிது பெரிதாக, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, ஆனால் ஒரு பிழை இல்லாமல்.

எனக்குத் தெரிந்த பேச்சியின் முத்து முத்தான எழுத்து அது இல்லை. இது வேறு எழுத்து.

"இந்த ஊர்ல பீச்சாங்கை ஒண்ணுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இது யார் நூத்த நூல்?"

பெரிய வாத்தியார் இருமினார். அந்த இருமலுக்கு, வாயை மூடு என்று பொருள். சொன்னால் பள்ளிக்கூடம் போகும். பள்ளிக்கூடம் போனால் முதலில் போகிறவள் பேச்சி. சொல்லாவிட்டால் இவர் அவளையே கேட்பார். அவள் வாயால் சொல்ல வைப்பார். அவள் ஏற்கெனவே இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துவிட்டாள். மணிக்கட்டைத்தான் முதலில் மறைத்தாள். நான் தட்டும் இடம்.

எனக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. ஓடியிருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன்.

"ஐயா, அம்புட்டும் இந்தப் புள்ள நூத்தது. எனக்கு இப்பத்தான் தெரியும். ஆனா தப்பு இவ பேர்ல இல்ல. எழுதுறப்ப இந்தக் கையைத் தட்டித் தட்டி விட்டது நான். தக்ளி சுத்துறப்ப நான் கையைப் பார்க்கல. அதான் இந்தக் கை அங்க போயிருச்சு."

ஒன்பது தக்ளிக்காரன் எழுந்தான். மனச்சாட்சி குத்தியதா, பக்கத்திலிருந்தவன் குத்தினானா தெரியாது.

"சார், அவளுக்குச் சிலேட்டு எழுதினது நாங்க சார். மொறை வச்சு. ஒரு நாளைக்கு ஒருத்தரு. அவ எங்களுக்கு நூத்துத் தருவா. திங்கக்கிழமை நான்."

"தலைமையாசிரியர் என்னைக்கு எழுதினாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரு எழுதல சார். கடலை வாங்கிக் குடுத்தாரு."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் வாய்க்காலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியதாக எனக்கு ஞாபகம். திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. பேச்சிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க தாயி எழுதிப் பழகின?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"கம்மாக்கரை மணல்ல. ஆடு மேய்க்கைல. இங்க நூத்துக்கிட்டே காதுல வாங்கிக்கிருவேன், அங்க போயி எழுதுவேன். ஆடு கையப் பாக்காதுல்ல."

இன்ஸ்பெக்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சாப்பிட்டுட்டு வாரேன். அதுக்குள்ள பிள்ளைக தன் கையால நூத்து வைக்கட்டும். எந்தக் கையா இருந்தாலும் சரி. தலைமையாசிரியரும்" என்றார்.

அந்த மதியம் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சாப்பிடவில்லை. பேச்சி வகுப்பில் நடந்து நடந்து ஒவ்வொருவர் விரலையும் பிடித்துக் காட்டினாள். அவள் காட்டியது எல்லாம் இடது கைக்கு. மற்றவர்கள் அதைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெரிய வாத்தியாரின் தக்ளி மூன்று முறை அவர் காலில் விழுந்தது. "ஐயா, மெதுவாச் சுண்டுங்க, ஈ வெரட்டுற மாதிரி இல்ல" என்றாள் பேச்சி. யாரும் கேட்காமல் அவளாக வாயைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து பார்த்தார். ஒன்றைத் தூக்கி, "இதுல மாடு கட்டலாம்" என்றார். இன்னொன்றை, "இதுல தேர் இழுக்கலாம்" என்றார். ஆனால் பேச்சியுடையது போக மிச்சம் இருபத்தொன்றும் இருபத்தொரு விதமாக இருந்தன. பார்வைப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: "நூற்பு: ஒரு கை மிக நன்று. மற்றவை கயிறு, ஆயினும் சொந்தக் கயிறு. பள்ளி தொடர்ந்து நடக்கலாம். அந்தக் கையை எழுத விடுக."

பிறகு பேனாவைப் பெரிய வாத்தியாரிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க."

பெரிய வாத்தியார் வலது கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கொடுக்கவில்லை.

"இந்த ஊர்த் தண்ணியைத்தானே நீங்களும் குடிக்கிறீங்க?"

முப்பது வருஷ சர்வீஸ் ஒரு கணம் யோசித்தது. பிறகு இடது கையால் பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தில் ஒரு நண்டை வரைந்தது. அந்த நண்டு இன்றும் பார்வைப் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்து வந்த இன்ஸ்பெக்டர் அதைக் காட்டி, "உங்களுக்கு அப்ப உடம்புக்கு என்ன?" என்று கேட்டாராம்.

எனக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மேலூர்க் கூட்டத்தில் எழுந்து, போன மாதம் நான் சொன்ன முறை பொய், அதை யாரும் செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும், "நான் அதைக் கேட்டு எங்கூர்ல ரெண்டு பயலை அடிச்சுப்புட்டேனேய்யா" என்றார். இன்னும் அந்தக் குரல் கேட்கிறது. சீர்திருத்தத்தை நீங்கள் எவ்வளவு ஆர்வமாக வேண்டுமானாலும் செய்யுங்கள், அது தப்பில்லை. ஆனால் பிள்ளைகளின் கையை, நூலைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

மறு வருஷம் மந்திரிசபை போயிற்று. தக்ளிப் பெட்டி பரணுக்குப் போயிற்று. புது உத்தரவு வந்தது: பள்ளித் தோட்டம். காய்கறி போட வேண்டும், பாடமெல்லாம் பாத்தியில் நடக்க வேண்டும். நான் உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. நேராக வகுப்புக்குப் போனேன்.

"தோட்டம் போடணுமாம். இதையும் ஒருத்தர் தலையில கட்டிட்டு மிச்சப் பேரு வேடிக்கை பாக்கப் போறீகளா? இப்பவே சொல்லிருங்க. யாரு அந்த ஆளு?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே கூடிப் பேசி முடித்துவிட்டார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பேச்சி எழுந்து, இடது கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"நீங்கதான் சார். ஒங்க வீட்ல மம்பட்டிக்காரவுகளாம்ல. எங்களுக்குப் பாத்தி கட்டித் தந்துருங்க."

"அதுக்குப் பதிலா நீங்க எனக்கு என்ன செய்வீக?"

"ஒங்க ரிஜிஸ்தரை நாங்க எழுதிருவோம் சார்" என்றாள். "திங்கக்கிழமை நான்."

அப்பாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று பேச்சியிடம் கேட்டேன்.